அருளம்பலத்தின் போத்தல்

சோடாப் போத்தல் ஒன்றைப் பழைய பேப்பரில் சுற்றி
யன்னலுக்குள்ளால் நீட்டினார் அருளம்பலம்.
தெல்லிப்பழை ஆஸ்பத்திரி. காலை ஏழரை.
ஆய்வுகூடத்தில் இன்னும் மின்விசிறிகூடப் போடவில்லை.
"பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.
மூண்டு நாளாய் இப்பிடித்தான் போகுது."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
நாவற்பழம் கரைத்த தண்ணீர்.
மனுசிக்குச் சொல்லவில்லையாம்.
நொத்தாரிசிடம் மட்டும் நாள் கேட்டிருக்கிறார்,
ஏழாலைக் காணியை மூத்தவளுக்கு எழுத.

பட்டியைத் தோய்த்து ஒரு நிமிடம் எண்ணினேன்.
இரத்தத்துக்குரிய கட்டம் பச்சையாகவில்லை.
நுணுக்குக்காட்டியின் கீழே
ஒரு செங்கலம்கூட மிதக்கவில்லை.
"ஐயா, என்ன சாப்பிட்டனீங்கள்?"

சுன்னாகம் சந்தையில் கேட்பாரில்லாமல்
திரும்பிவந்த ஆறு மூடை பீற்றூட்.
காலையில் வறை, மத்தியானம் பால்கறி,
இரவு இடியப்பத்துக்கும் அதே பால்கறி.
"எறிய மனம் வரேல்லை."

வாயால் போவது எதுவும்
நேரே இரத்தத்தில் கலப்பதில்லை.
குடலிலிருந்து புறப்படுவதெல்லாம் ஒரே பாதையில் சேர்ந்து
ஈரலின் வாசலில் வரிசையில் நிற்கும்.
அப்படியொரு பாதை எங்களுக்கும் இருந்தது.
பையை அவிழ். மூடியைத் திற.
பற்றரி ஏன்? சவர்க்காரம் ஏன் இவ்வளவு?
இறக்கி வை. இனிப் போ.

மஞ்சளை அங்கே மறித்து
முதுகில் ஒரு சீனித்துண்டைக் கட்டி
பித்தத்தோடு பின்வாசலால் அனுப்பிவிடும் ஈரல்.
மிளகு கூடவந்தால்
காவற்காரன் சற்றுக் கண் கசக்குவான்,
அந்த இடைவெளியில் கொஞ்சம் மஞ்சள் உள்ளே நுழையும்.
கோப்பி மட்டும் முதலில் ஊரெல்லாம் சுற்றி
எல்லோரையும் எழுப்பிவிட்டுத்தான் பிடிபடும்.

பீற்றூட்டின் சிவப்போ
பெரும்பாலான வயிறுகளில் புளிப்பிலேயே வெளிறிப்போகும்.
சிலரில் மட்டும்
வயிற்றைத் தாண்டி, வாசலைத் தாண்டி,
உடுப்பு மாற்றாமல் சிறுநீரகம்வரை நடந்துவரும்.

"மனுசிக்கும் அதே சட்டிக் கறிதான்.
அவவுக்கு ஒண்டும் இல்லைப்போலை."

அதுதான் உறுத்தியது.
இரும்பு குறைந்த உடம்பு
இந்த நிறத்தைக் கூடுதலாய் விழுங்கும் என்று
படித்த ஞாபகம்.
டொக்டரிடம் சொல்லி இரத்தம் எடுத்தேன்.
ஒன்பது தசம் இரண்டு.

ஐம்பது வருடமாய் அந்தச் செம்மண்ணில் நிற்கிறார்.
இரும்பு துருவேறித்தான் அந்த மண் அப்படிச் சிவந்தது.
குதிகால் வெடிப்பில், நகக்கண்ணில்,
சாரத்தின் கரையில்,
போத்தல் சுற்றிய பேப்பரிலும்கூட அது இருந்தது.
உள்ளே போக மட்டும் வழி கிடைக்கவில்லை.

சாப்பிட்ட கையோடு பிளேன் ரீ குடிப்பாராம்,
ஒரு நாளைக்கு ஏழெட்டு, நல்ல சாயத்தோடு.
அந்தத் துவர்ப்பு
கீரையில் வந்த கொஞ்ச இரும்பையும்
குடலிலேயே கட்டிப்பிடித்து வெளியே கொண்டுபோகும்.
"தேத்தண்ணியை ரெண்டு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கோ,
கீரைக்குத் தேசிக்காய் விடுங்கோ" என்றேன்.
சிரித்தார். தேத்தண்ணியையா?

டொக்டர் சிரிக்கவில்லை.
இரும்பு உள்ளே வராததா, வேறெங்கோ ஒழுகுவதா என்று பார்க்க
இன்னும் மூன்று சோதனை எழுதினார்,
ஒன்று யாழ்ப்பாணம் போய்ச் செய்ய வேண்டியது.
துண்டை நாலாய் மடித்துச்
சட்டைப்பைக்குள் வைத்தவர்
வெறும் போத்தலைத் திருப்பிக் கேட்டார்.

மத்தியானம் யன்னலுக்குக் கீழே
இலையோடு ஐந்து கிலோ பீற்றூட் கிடந்தது.
இரவு வறுத்துச் சாப்பிட்டேன், வேண்டுமென்றே நிறைய.
விடிய எழும்பிப் பார்த்தால்
வழக்கமான வைக்கோல் நிறம்.
சின்ன ஏமாற்றம்தான், யாரிடம் சொல்வது?

திங்கட்கிழமை சந்தியில் கண்டேன்.
பயம் தெளிந்துவிட்டதாம்.
நொத்தாரிசுக்கு எடுத்த நாளை மட்டும்
மாற்றவில்லையாம்.